பி.ஐ.ஏ. கோர்ஸ்: நர்ஸ்களும் தாராளமாகச் சேரலாம், ஆனால் சில விஷயங்களை விசாரித்துவிட்டுச் சேருங்கள்

இங்கிலாந்தில் நர்ஸாகவோ சோஷியல் வொர்க்கராகவோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகவோ வேலை பார்க்கிற நம்மவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: பெஸ்ட் இன்ட்ரெஸ்ட்ஸ் அசெஸர், அதாவது தானே முடிவெடுக்க முடியாதவரின் நலனை மதிப்பிடுகிறவர் ஆவதற்கான பி.ஐ.ஏ. கோர்ஸ் படிக்கலாமா, போடுகிற நேரத்துக்கும் பணத்துக்கும் தகுமா? நான் மருத்துவமனையில் பல வருடம் வார்டு நர்ஸாக இருந்தவள். ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பாடமாக இதைப் படித்து முடித்து, இப்போது வார்டு வேலையோடு இந்த மதிப்பீடுகளையும் செய்துவருகிறேன். 5க்கு 4 கொடுப்பேன். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறைகளை வேறு இடங்களில் படித்த தோழிகளும் ஏறக்குறைய அப்படியே சொல்கிறார்கள், அதனால் ஒரே இடத்தின் தலையில் கட்டுவது நியாயமாக இருக்காது.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். டிமென்ஷியா, மூளைக் காயம், கற்றல் குறைபாடு போன்ற காரணங்களால் ஒருவர் தன் தங்குமிடத்தையும் பராமரிப்பையும் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கிறார். அவர் ஒரு கேர் ஹோமிலோ மருத்துவமனையிலோ இருக்கிறார். கதவில் எண்பூட்டு, இரவும் பகலும் கண்காணிப்பு, நினைத்தபோது கிளம்பிப் போக முடியாது. குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை இப்படி வைத்திருக்க வேண்டுமானால் சட்டத்தின் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு முன்னால் வெளியாள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, இது உண்மையிலேயே இவருடைய நலனுக்காகத்தானா, இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில் இவரைப் பார்த்துக்கொள்ள வழியே இல்லையா என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்த வெளியாள்தான் பெஸ்ட் இன்ட்ரெஸ்ட்ஸ் அசெஸர், அதாவது பி.ஐ.ஏ. அனுமதி கொடுப்பது கவுன்சில். இந்த ஏற்பாட்டின் முழுப் பெயர் டிப்ரிவேஷன் ஆஃப் லிபர்ட்டி சேஃப்கார்ட்ஸ், எல்லோரும் சுருக்கமாக டோல்ஸ் என்றுதான் சொல்வார்கள். 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.

இது எப்படி வந்தது என்பதைக் கோர்ஸின் முதல் காலையிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். எச்.எல். என்ற எழுத்துகளால் மட்டும் சட்ட உலகம் அறிந்த ஒரு மனிதர். ஆட்டிசம் உள்ளவர், பேச்சு இல்லை. 30 வருடத்துக்கு மேல் போர்ன்வுட் மருத்துவமனையில் கழித்துவிட்டு 1994இல் ஒரு தம்பதியின் வீட்டுக்குப் போய், குடும்பத்தில் ஒருவராக வாழ ஆரம்பித்திருந்தார். 1997இல் டே சென்டரில் ஒரு நாள் கலவரப்பட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டார். உடனே மருந்து கொடுத்து அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் எதிர்ப்புக் காட்டவில்லை, அதனால் மனநலச் சட்டத்தின் கீழ் அடைத்துவைக்கவில்லை, சும்மா 'சேர்த்திருக்கிறோம்' என்றார்கள். பார்த்துக்கொண்ட தம்பதியைச் சந்திக்கக்கூட விடவில்லை. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1998இல் இது சட்டவிரோதம் இல்லை என்றது. 2004இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்த மனிதரின் சுதந்திரம் பறிக்கப்பட்டிருக்கிறது, அதைக் கேட்க ஒரு வழிமுறைகூட இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் மெண்டல் கபாசிட்டி சட்டத்தோடு டோல்ஸைச் சேர்த்தார்கள், 2009 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான் இது, ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. எதிர்க்காமல் இருப்பது சம்மதம் ஆகிவிடாது என்பதை வார்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் இந்தக் கதையின் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 'அவர் அமைதியாகத்தான் இருக்கிறார், பிரச்சினை ஒன்றுமில்லை' என்று நாம் ஹேண்டோவரில் எத்தனை பேரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறோம்!

யார் சேரலாம் என்றால், சோஷியல் வொர்க்கர், முதல்நிலைப் பதிவுள்ள நர்ஸ், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சார்ட்டர்டு சைக்காலஜிஸ்ட், ஏ.எம்.எச்.பி. (மனநலச் சட்டத்தின் கீழ் மதிப்பிட அங்கீகாரம் பெற்றவர்) தகுதி உள்ளவர்கள். பதிவுக்குப் பின் 2 வருட அனுபவம் வேண்டும். டாக்டர்கள் பி.ஐ.ஏ. ஆக முடியாது, அவர்களுக்கு அந்தப் பக்கத்தில் மனநல மதிப்பீடு இருக்கிறது, இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது. என் வகுப்பில் பெரும்பாலோர் சோஷியல் வொர்க்கர்கள், நர்ஸ்கள் சொற்பம். ஆரம்பத்தில் அது ஒரு மாதிரி இருந்தது, அவர்கள் தினமும் சட்டப் பிரிவு எண்களோடு பேசிப் பழகியவர்கள். போகப்போக நமக்கு என்று ஒரு பலம் இருப்பது தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

கோர்ஸின் ஆகச் சிறந்த பகுதி இரண்டு. முதலாவது, கபாசிட்டி, அதாவது தானே முடிவெடுக்கும் திறன் பற்றிய வகுப்பு. 'கபாசிட்டி இல்லை' என்று வார்டு ஃபைலில் இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. எதற்கு இல்லை, எப்போது பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்று ஒன்றுமே இருக்காது. சட்டம் கேட்பதோ மிகக் குறிப்பான கேள்வி: இந்த ஒரு முடிவுக்கு வேண்டிய தகவலை இவரால் புரிந்துகொள்ள முடிகிறதா, முடிவெடுக்கும் வரை மனதில் வைத்திருக்க முடிகிறதா, அதைச் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவை எப்படியாவது தெரிவிக்க முடிகிறதா. இதில் ஒன்று முடியாவிட்டாலும் போதும், ஆனால் அந்த இயலாமை மூளையிலோ மனதிலோ உள்ள கோளாறினால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். முதலில் நாலு கேள்வி, அப்புறம்தான் நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு. இந்த வரிசையை 2021இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்துவிட்டது. நோயின் பெயரில் தொடங்கினால் அந்தப் பெயரே நம் தீர்ப்பாகிவிடும் என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதற்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒரு நடிகை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையாக நடித்தார், டிமென்ஷியா, கேர் ஹோமில் இருக்கிறார். எங்களில் ஒருவர் போய்ப் பேச வேண்டும், மற்றவர்கள் குறிப்பெடுக்க வேண்டும். போனவர் 'இது எந்த இடம் தெரியுமா?' என்று கேட்டார். 'ஏதோ ஹோட்டல் போல இருக்கிறது, சாப்பாடு சுமார்' என்றார் அந்த அம்மா. பாதி வகுப்பு 'புரிந்துகொள்ளவில்லை' என்று எழுதிவிட்டது. அங்கே நிறுத்தி, பயிற்றுநர் ஒரே கேள்விதான் கேட்டார்: 'அவரிடம் இது என்ன இடம் என்று யாராவது சொன்னீர்களா?' யாரும் சொல்லவில்லை. சட்டத்தின் முதல் பிரிவிலேயே, உதவி செய்ய நடைமுறையில் முடிந்த எல்லாவற்றையும் செய்துபார்க்காமல் ஒருவரால் முடியாது என்று முடிவுகட்டக்கூடாது என்று இருக்கிறது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இது ஹோட்டல் இல்லை, உங்களுக்கு உதவி வேண்டியிருப்பதால் இங்கே இருக்கிறீர்கள், கதவு பூட்டியிருக்கும், இரவில் ஆள் இருப்பார்கள், வீட்டுக்குப் போனால் ஒரு நாளைக்கு நாலு தடவை ஆள் வந்து போவார்கள், மற்ற நேரம் தனியாக இருக்க வேண்டும். மெதுவாக, டி.வி.யை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ராத்திரி கீழே விழுந்து விடிகிற வரைக்கும் கிடந்தேனே, அதனாலா?' என்றார். வகுப்பில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். அவருக்குக் கபாசிட்டி இருந்ததா இல்லையா என்பதில் அதற்குப் பிறகும் எங்களுக்குள் ஒரே கருத்து வரவில்லை, வர வேண்டும் என்று பயிற்றுநரும் எதிர்பார்க்கவில்லை. என்ன தகவலைக் கொடுத்தோம், அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதை ரிப்போர்ட்டில் காட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. தேதி என்ன, பிரதமர் யார் என்கிற ஞாபகசக்தித் தேர்வின் மார்க்கை வைத்துக்கொண்டு ஒருவர் எங்கே வாழ்வது என்று தீர்மானிக்கும் பழக்கம் இந்த ஒரு மதியத்தில் எல்லோருக்கும் போயிருக்கும்.

இரண்டாவது சிறந்த பகுதி, ரிப்போர்ட் எழுதும் பயிற்சி. நம்மில் பலருக்கு இதுதான் சிரமம், நர்ஸிங் நோட்ஸ் எழுதும் கைக்கு இது வேறு வேலை. எல்லோரும் ஒரு கற்பனை வழக்குக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தோம், பயிற்றுநர் வரிவரியாகக் கேள்வி எழுதித் திருப்பித் தந்தார். 'இதை யார் சொன்னது?' 'இது அவருடைய வார்த்தையா, ஸ்டாஃபின் வார்த்தையா?' 'வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து என்கிறீர்கள், என்ன ஆபத்து, எத்தனை தடவை நடந்தது, எவ்வளவு மோசமாக இருக்கும்?' சட்டப்படி இரண்டு விஷயம் காட்டியாக வேண்டும்: அந்த நபருக்குத் தீங்கு வராமல் தடுக்க இந்தக் கட்டுப்பாடு அவசியம், அந்தத் தீங்கு வரும் வாய்ப்புக்கும் அதன் கடுமைக்கும் ஏற்ற அளவுதான் கட்டுப்பாடு. தீங்கு என்றால் அவருக்கு. கேர் ஹோமுக்கு வேலை சுலபமாகிறது, பிள்ளைகளுக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது.

இந்த ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதற்கு ஸ்டீவன் நியரி வழக்கைப் படிக்கவைத்தார்கள். ஆட்டிசம் உள்ள இளைஞர், மேற்கு லண்டனில் அப்பாவோடு வாழ்ந்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் சில நாள் ஓய்வுக்காகக் கவுன்சிலின் பராமரிப்பு இல்லத்துக்குப் போனவரை, 2010 முழுக்க ஏறக்குறைய ஒரு வருடம் திருப்பி அனுப்பவில்லை. இடையில் டோல்ஸ் அனுமதிகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டன. 2011இல் நீதிபதி பீட்டர் ஜாக்சன், அந்த இளைஞரின் உரிமைகள் மீறப்பட்டன என்று சொன்னதோடு, பெஸ்ட் இன்ட்ரெஸ்ட்ஸ் மதிப்பீடுதான் இந்தப் பாதுகாப்பு முறைக்கே மூலைக்கல், வழக்கமான காகித வேலை இல்லை என்றும் எழுதினார். ஆரம்ப மதிப்பீடுகள், அவர் வீட்டுக்கே திரும்பிப் போகலாமே என்ற வழியைச் சரியாக எடை போடவே இல்லை. ஃபாரத்தில் ஒரு பத்தியை நிரப்பாமல் விட்டால் ஒரு மனிதருக்கு ஒரு வருடம் போய்விடும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

நலன் என்பதை எப்படிப் பார்ப்பது என்ற விஷயத்தில் கோர்ஸ் உறுதியான நிலைப்பாட்டோடு சொல்லிக்கொடுத்தது, எனக்கு அது பிடித்திருந்தது. சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது: வயதையோ தோற்றத்தையோ நோயையோ வைத்து முடிவுகட்டாதே, திறன் திரும்ப வருமா என்று பார், அவரை முடிந்தவரை பங்கெடுக்க வை, அவருடைய இன்றைய விருப்பம், முன்பு சொன்னது எழுதியது, நம்பிக்கைகள், மதிப்பீடுகள் எல்லாவற்றையும் பார், அவர்மேல் அக்கறை உள்ளவர்களைக் கேள். 2013இல் உச்ச நீதிமன்றம் எய்ன்ட்ரீ வழக்கில், இதையெல்லாம் அந்த மனிதரின் கண் வழியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. வை வேலி வழக்கும் நினைவில் நிற்கிறது. 2015, திரு. பி. என்பவருக்கு 73 வயது, நீண்டகால மனநோய், காலில் கடும் தொற்று, காலை எடுக்காவிட்டால் சில நாளில் இறந்துவிடுவார். கபாசிட்டி இல்லை, ஆனால் காலை எடுக்கக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். நீதிபதி மருத்துவமனைக்கே நேரில் போய் அவரோடு பேசினார், பேசிவிட்டு, அவர் விருப்பத்துக்கு எதிராகக் காலை எடுப்பது அவர் நலன் ஆகாது என்று தீர்ப்பளித்தார். நர்ஸாக இருக்கிற நமக்கு இது தொண்டையில் சிக்குகிற தீர்ப்பு. உயிரைக் காப்பாற்றுவதுதான் நலன் என்று பழகிப்போன நமக்கு, அந்த ஆளோடு உட்கார்ந்து பேசாமல் நலனைப் பற்றிப் பேசக்கூடாது என்று இது சொல்லித்தருகிறது.

அப்புறம் களப்பயிற்சி. அனுபவமுள்ள ஒரு பி.ஐ.ஏ.வோடு கூடவே போய்ப் பார்க்க வேண்டும். இதுதான் உயிர்நாடி, இது சரியாக அமையாவிட்டால் கோர்ஸ் வெறும் சட்ட வகுப்பு. எனக்கு அமைந்தவர் இருபது வருடத்துக்கு மேல் சோஷியல் வொர்க்கராக இருந்த அம்மா. ஒரு கேர் ஹோமுக்குப் போனோம் (ஆளை அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்). லாரி ஓட்டியவர், டிமென்ஷியா, முன்பு ஆளை அடிக்கக் கையை ஓங்குவார், இப்போது அமைதி. ஃபைல் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த அம்மா மேனேஜரிடம் அதிகம் பேசவில்லை, டீ வண்டி தள்ளிக்கொண்டு வந்த கேரரிடம் போய் 'இவர் மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறார், சுலபமா?' என்று கேட்டார். 'தயிரில் பொடித்துக் கலந்து கொடுத்துவிடுவோம், தெரியாது அவருக்கு' என்றார் கேரர், எந்த ஒளிவும் இல்லாமல். மருந்துச் சார்ட்டை நான் வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. அதில் ஒரு மாத்திரை ஆளை மந்தமாக்கும் வகை. டாக்டர் எப்போதோ எழுதிய ஒரு வரி அனுமதி, அதற்குப் பிறகு மறுபரிசீலனை இல்லை, பொடித்தால் அந்த மாத்திரை சரியாக வேலை செய்யுமா என்று ஃபார்மசிஸ்டைக் கேட்கவில்லை, மகளுக்குத் தெரியவே தெரியாது. ஆளுக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது அவர்மேல் வைக்கும் கட்டுப்பாடுகளில் ஒன்று, அதை மதிப்பீட்டில் தெளிவாகக் குறிப்பிட்டு அடிக்கடி மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கோர்ட் ஆஃப் ப்ரொடெக்ஷன் (தானே முடிவெடுக்க முடியாதவர்களின் வழக்குகளைக் கேட்கிற நீதிமன்றம்) 2016இல் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா என்ன செய்தார் என்றால், அனுமதியை அதிகபட்ச அளவான 12 மாதத்துக்குப் பரிந்துரைக்காமல் சில மாதத்துக்குச் சுருக்கினார், டாக்டர், ஃபார்மசிஸ்ட், மகள் மூவரும் சேர்ந்து மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேர் ஹோமுக்கு ஒரு நிபந்தனையையும் பரிந்துரைத்தார். நிபந்தனையைக் கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கும் இந்த அதிகாரம்தான் பி.ஐ.ஏ.வின் கையில் உள்ள கூர்மையான கருவி. வாரம் ஒரு தடவை வெளியே கூட்டிப்போ, நாற்காலியில் கட்டும் பெல்ட்டைப் பற்றித் தெரபிஸ்டின் கருத்தை வாங்கு என்றெல்லாம் எழுதலாம். நர்ஸின் பலம் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான். மருந்துச் சார்ட், கட்டில் தடுப்பு, சென்சர் பாய், எடைப் பதிவு, இதையெல்லாம் நாம் ஒரு பார்வையில் படித்துவிடுவோம், சட்டம் நன்றாகத் தெரிந்த சோஷியல் வொர்க்கர் தாண்டிப் போய்விடக்கூடிய இடங்கள் இவை.

இனி குறைகள்.

பெரிய குறை மொழி. லண்டனில் நடக்கிற ஒரு பயிற்சியில், ஆங்கிலம் பேசாத ஒருவரை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு ஒரே ஒரு ஸ்லைடு, 'மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும்' என்று. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துக் கேர் ஹோம்களிலும் வார்டுகளிலும் நம் வயதானவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! டிமென்ஷியாவில் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவிப்போவது சகஜம், நாற்பது வருடம் ஆங்கிலத்தில் கணக்கு எழுதியவர்கூட தமிழுக்கே திரும்பிவிடுவார். காது மந்தமான ஒருவரிடம் போன் ஸ்பீக்கர் வழியாக மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால், அவர் பதில் சொல்லாமல் சும்மா இருப்பது புரியாததாலா, கேட்காததாலா, யாரோ முகம் தெரியாத ஆளிடம் பேச விருப்பமில்லாததாலா? யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கு வேறு ஊர்ப் பேச்சில் கேள்வி போனால் ஒரு விநாடி தடுமாறுவார், அந்தத் தடுமாற்றத்தை நோயின் கணக்கில் எழுதிவிடலாமா? மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சுருக்கிவிடுகிறாரா, பதிலைச் சரிசெய்து 'நல்ல' பதிலாகத் தருகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கெல்லாம் முழு ஒரு நாள் ஒதுக்கினாலும் போதாது. கருத்துப் படிவத்தில் இதை நீளமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதோடு ஒட்டிய விஷயம் குடும்பம். குடும்பத்தாரைக் கேட்பது எப்படி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் குடும்பம் என்றால் கிறிஸ்துமஸுக்கு வந்துபோகிற ஒரு மகன், ஒரு மகள் என்கிற அளவில் நின்றுவிட்டது. நம் வீடுகளில் நடப்பது வேறு. வார்டில் இருந்த காலத்தில் ஒரு மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அம்மாட்டை ஏன் அக்கா கேக்கிறியள்? எல்லாம் நான்தானே பாக்கிறன்' என்றார். அவர் சொன்னதில் பாசம்தான் இருந்தது, அம்மாவுக்கு ஒரு மனக்கஷ்டமும் வரக்கூடாது என்று நினைக்கிறவர். ஆனால் சட்டத்தில் மகன் என்பதால் மட்டும் முடிவெடுக்கும் அதிகாரம் வந்துவிடாது. 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்று ஃபாரத்தில் பெயர் இருந்தால் ஆஸ்பத்திரி முதலில் உங்களுக்குப் போன் பண்ணும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் திறன் இருக்கும்போதே உடல்நலம் மற்றும் பராமரிப்புக்கான லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிப் பதிவு செய்திருந்தால்தான், அவரால் முடியாமல் போகும் காலத்தில் மகன் அவர் சார்பில் முடிவெடுக்கலாம், அப்போதும் அம்மாவின் நலனுக்கு ஏற்பத்தான். நம்மவர்கள் வீட்டுக் கடனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் இதைக் கவனிப்பதே இல்லை, இந்த விமர்சனத்தைப் படிக்கிற யாராவது ஒருவர் இதற்காக ஒரு சாயங்காலம் அப்பா அம்மாவோடு உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம். பி.ஐ.ஏ. வந்து பேசும்போது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார், அம்மாவுக்கு எது பிடிக்கும், அவர் எப்படி வாழ்ந்தவர், முன்பு எது சொல்லியிருக்கிறார் என்றுதான் கேட்பார். அதற்குத் தயாராக இருங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. பி.ஐ.ஏ. ஒவ்வொரு முறையும் அந்த நபருக்கு ஒரு பிரதிநிதியைப் பரிந்துரைக்க வேண்டும், பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர். அவர் மூலம் கோர்ட் ஆஃப் ப்ரொடெக்ஷனுக்குப் போகலாம், அந்த வழக்குக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவியும் கிடைக்கும். இதையெல்லாம் தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எலிஜிபிலிட்டி என்ற பகுதி, அதாவது ஒருவர் மனநலச் சட்டத்தின் கீழ் வர வேண்டியவரா டோல்ஸின் கீழா என்பது, இந்தச் சட்டத்திலேயே சிக்கலான இடம், அதைச் சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணியில் ஓட்டிவிட்டார்கள். மாறாக டோல்ஸுக்குப் பதிலாக வரவேண்டிய புதிய முறைக்கு ஒரு முழு காலை. அதற்கான சட்டம் 2019இல் நிறைவேறியது, 2023இல் அரசு தள்ளிப்போட்டது, நான் படித்தபோது அது வந்தபாடில்லை. அந்தக் காலையைக் களப்பயிற்சிக்குக் கொடுத்திருக்கலாம். மருத்துவமனை உதாரணங்களும் குறைவு, எல்லாம் கேர் ஹோம் மயம். ஐ.சி.யூ.வில் உயிர்காக்கும் சிகிச்சையில் இருப்பவர் பொதுவாகச் சுதந்திரம் பறிக்கப்பட்டவர் ஆகமாட்டார் என்ற 2017ஆம் வருட ஃபெரைரா தீர்ப்பை நர்ஸ்கள் நாங்களே கேட்டு வாங்கிப் படித்தோம்.

வேலைச் சுமை பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். 2014 மார்ச்சில் செஷயர் வெஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடர்ந்த கண்காணிப்பும் கட்டுப்பாடும் இருந்து, விட்டுப் போகும் சுதந்திரமும் இல்லை என்றால் அது சுதந்திரப் பறிப்புதான், இடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் சரி என்றது. தங்கக் கூண்டும் கூண்டுதான் என்றார் நீதிபதி லேடி ஹேல். அதுவரை வருடத்துக்கு 13,000 சொச்சமாக இருந்த விண்ணப்பம் அடுத்த வருடமே 1,37,000ஐத் தாண்டியது, இப்போது இங்கிலாந்தில் மட்டும் வருடத்துக்கு 3 லட்சத்துக்கும் மேல். சட்டம் கொடுக்கும் கெடு 21 நாள், அதற்குள் முடிவது ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான். காத்திருக்கும்போதே இறந்துபோகிறவர்கள் உண்டு. ஆகவே தகுதி வாங்கினால் வேலைக்குப் பஞ்சமில்லை, கவுன்சிலுக்குள்ளேயும் செய்யலாம், ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் தொகை வாங்கிக்கொண்டு தனியாகவும் செய்யலாம். ஆனால் வேகமாகச் செய்யச் சொல்லி அழுத்தமும் இருக்கும். போன தடவை ரிப்போர்ட்டை எடுத்துத் தேதியை மாற்றி ஒப்பேற்றுகிற பழக்கத்துக்குள் யாரும் போய்விடக்கூடாது. அதற்கு எதிராகக் கோர்ஸ் கொடுத்த பயிற்சி கெட்டியானது, அதற்காகவே அந்த 4.

கட்டணம் ஆயிரம் பவுண்டை ஒட்டியோ தாண்டியோ போகும், பெரும்பாலும் வேலை கொடுக்கும் இடமே கட்டிவிடும். சொந்தப் பணத்தில் சேர்வதாக இருந்தால் முதலில் உங்கள் ஏரியாக் கவுன்சிலின் டோல்ஸ் டீமுக்குப் போன் போட்டு, களப்பயிற்சிக்கு அவர்கள் ஆள் தருவார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் அதை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும், கடைசி வாரம் வரை ஆள் கிடைக்காமல் என் வகுப்பில் சிலர் பட்ட பாட்டைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்திடம், எழுதிய ரிப்போர்ட்டை வரிவரியாகத் திருத்தித் தருவார்களா, அல்லது கட்டுரைக்கு மார்க் மட்டும்தானா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு பயிற்சி உண்டா என்றும் தவறாமல் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் சேர்ப்பார்கள். வார்டு வேலையில் இருப்பவர்கள், படிக்கும் நாட்களுக்கு மேனேஜரிடம் எழுத்தில் விடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள், நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தால் தீர்ப்புகளைப் படித்து மண்டையில் ஏற்ற முடியாது. முடித்த பிறகும் ஒவ்வொரு வருடமும் புத்தாக்கப் பயிற்சி எடுத்தால்தான் மதிப்பீடு செய்ய முடியும், அதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்பதையும் சேரும்போதே பேசி முடித்துவிடுங்கள்.